லண்டன் மச்சாளின் மட்டைக் கதிரை

எழுதத் தெரிந்த எத்தனையோ பேர் இருக்க நான் எழுத வந்தது பிழை என்றால் மன்னிக்க வேண்டும். நான் ஊரில் ஓ எல் சோதனை வரைக்கும்தான் படித்தேன். தமிழ்ப் பாடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தோடு நின்றுவிடுவேன். ஆட்களுக்கு முன்னால் கதைக்கவும் எனக்கு வராது. வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்திலும் சுவரோரமாகத்தான் நிற்பேன். இந்த விசயத்தை ஒருவருக்கும் என் வாயால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தபடியால்தான் எழுதிப் பார்க்கிறேன். கதிரை நாற்காலிகளைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம். கதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பொறாமையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

போன மார்ச் மாதக் கடைசியில், ரோட்டோரப் பனி கறுத்துப்போய்க் கிடந்த நாட்களில், என் கணவரின் மச்சாள் லண்டனிலிருந்து வந்து எங்கள் வீட்டில் ஒரு கிழமை, ஏழு நாள், நின்றாள். இவரின் தாய்மாமனின் மகள். கைக்குழந்தையாக லண்டனுக்குப் போய் அங்கேயே வளர்ந்தவள். கனடாவில் நாங்கள் இருக்கிற மொன்றியாலில் ஒரு கண்காட்சி நடந்தது. பிரித்தானியாவில் புதுவிதமாகத் தளபாடங்களும் வீட்டுச் சாமான்களும் செய்கிற ஆட்களின் கண்காட்சி. அதில் அவளுடைய கதிரையும் இருந்தது.

லண்டனில் ரயில் பாலத்துக்குக் கீழே உள்ள ஒரு வளைவை ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துப் பட்டறை வைத்திருக்கிறார்களாம். ஒருவர் உருளைக்கிழங்கு மாவில் விளக்குக் கூடு செய்கிறார். இன்னொருவர் காளான் வேரை வளர்த்து அதைப் பலகையாக்குகிறார். கை நடுங்குகிற ஆட்களுக்கென்று தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் செய்கிறவரும் அங்கே இருக்கிறார். எங்கள் மச்சாள் கதிரை செய்கிறாள். "தச்சு வேலையோ?" என்று நான் கேட்டதற்கு, "ஐயோ அம்மா, டிசைனர்!" என்று மகள் தலையில் கை வைத்தாள். மகள் இங்கே பல்கலைக்கழகத்துக்கு முதல் போகிற செஜெப் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய போனில் அந்த லண்டன் ஆட்களின் படங்கள் நிறைய இருக்கின்றன.

மச்சாள் என்றால் சும்மா மச்சாள் இல்லை. இவரைக் கட்டுகிற முறை. என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில், "அவளுக்கும் இவனுக்கும்தான் செய்யிறதெண்டு அண்ணை சொல்லிக்கொண்டிருந்தவர். பேந்து எல்லாரும் ஆளுக்கொரு திசையாப் போச்சினம்" என்று ரெலிபோனில் யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது. ரகசியமாகவும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த முறையில் பார்த்தால் அவள் என் மகளுக்குச் சித்தி. மகள் வாய் நிறையச் "சித்தி, சித்தி" என்றுதான் கூப்பிட்டாள். சித்தியின் கட்டை மயிரையும் பெரிய சப்பாத்தையும் பார்த்துவிட்டுத் தானும் மயிரை வெட்டப்போவதாகச் சொன்னாள்.

வந்த அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இவருக்கு ஒரு பழக்கம். மேசைக் கதிரையில் இருந்தால் சற்று நேரத்தில் கால் இரண்டையும் மேலே எடுத்து மடித்துச் சப்பாணி கட்டிவிடுவார். கதிரையின் அகலம் போதாது. ஒரு முழங்கால் எப்போதும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். போகிற வருகிற நேரம் நான் அதில் இடிபடுவேன். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து "காலை இறக்குங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் சோறு முடிந்து இவர் காலை மடித்துக்கொண்டு இருக்க, நான் குசினி வாசலில் நின்று கண்ணைக் காட்டினேன்.

"அத்தான், அசையாதேங்கோ!" என்று மச்சாள் கத்தினாள்.

இவர் பயந்துபோனார். "என்ன, பூச்சியே?"

"பூச்சியில்லை. உங்கட கால். அப்பிடியே இருங்கோ."

போனை எடுத்து முன்னால் நின்று ஒரு படம், பக்கத்தில் நின்று ஒரு படம், நிலத்தில் குந்தி இருந்து கதிரைக்குக் கீழே ஒரு படம். "எத்தினை சனம் கதிரையில காலை மடிச்சு வைச்சுக்கொண்டு இருக்குது, அத்தான். ஆனா கதிரை செய்யிற எல்லாரும் கால் கீழ தொங்கும் எண்டு நினைச்சுத்தான் செய்யினம். நான் காலை மடிக்கிற ஆக்களுக்கு ஒரு கதிரை செய்யிறன். உங்களை மாதிரி ஆக்களைத்தான் தேடித் திரியிறன்."

"என்னைத் தேடியோ?" என்று இவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

நான் இத்தனை வருசமாக இறக்கச் சொன்ன காலை லண்டனிலிருந்து ஒருத்தி தேடி வந்திருக்கிறாள். சோற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்ப் பைப்பைத் திறந்துவிட்டேன்.

அடுத்து அவள் பையிலிருந்து மஞ்சள் அளவுநாடா ஒன்றை எடுத்தாள். இவரை இருத்தி, முழங்காலுக்கு முழங்கால் எவ்வளவு, முதுகுக்கும் குதிக்காலுக்கும் எவ்வளவு என்று அளந்தாள். பிறகு மகளை அளந்தாள். மகள் ஒரு காலைத் தொங்கப்போட்டு ஒரு காலை மடிப்பவள். அதற்கும் தனியாக ஒரு படம். கீழ் வீட்டு அண்ணை தேத்தண்ணி குடிக்க வந்தார், அவரையும் அளந்தாள். அவரைக் கூப்பிட வந்த அவர் மனைவியையும் விடவில்லை.

என்னை அளக்கவில்லை.

அவளிலும் பிழை சொல்ல ஏலாது. நான் ஒரு கதிரையில் இருந்ததை அவள் காணவில்லை. சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிற இடத்தில் எனக்கு நின்றபடி வேலை. வீட்டுக்கு வந்தால் குசினி. ஆட்கள் வந்து நிற்கிற நாட்களில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே நானும் சாப்பிட்டு முடித்துவிடுவேன். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அப்படியே பழகிவிட்டது. ஆனால் அவள் அந்த மஞ்சள் நாடாவைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு முறையும் நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து நின்றேன். "அக்கா, நீங்களும் ஒருக்கால் வந்து இருங்கோ" என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "அக்கா, தேத்தண்ணி சுப்பர்" என்றாள்.

இவர் குளிர்சாதனப் பெட்டிகள் வைக்கிற பண்டகசாலையில் வேலை செய்கிறார். வேலையால் வந்தால் "இஞ்சேரும், தேத்தண்ணி" என்பதோடு கதை முடிந்துவிடும். அந்தக் கிழமை, பெட்டி தூக்குகிற போர்க்லிப்ட் வண்டியின் சீற்றில் நாள் முழுக்க இருந்தால் இடுப்பு நாரி எந்த இடத்தில் நோகும், குளிர் நாளில் அந்த சீற் எப்படி இறுகும் என்றெல்லாம் அவளுக்கு எழும்பி நின்று நடித்துக் காட்டினார். நாரி நோவு எனக்குத் தெரியும், தைலம் பூசி விடுகிறவள் நான்தானே. சீற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்கு அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கீழ் வீட்டு அண்ணைக்கு இது நல்ல பகிடியாகப் போய்விட்டது. "என்னடாப்பா, இந்தக் கிழமை முழுக்க அயன் பண்ணின சேட்டு! மச்சாள் கதிரையைத்தானே படம் எடுக்கிறா, சேட்டையுமே?"

"சும்மா இரண்ணை" என்றார் இவர்.

"பிள்ளை, நீர் கவனம்" என்று அண்ணை என் பக்கம் திரும்பினார். "காலை அளக்கத் தொடங்கினவ பேந்து எங்க கொண்டுபோய் முடிப்பாவோ!"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள்தான் பெரிதாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சேட்டை அயன் பண்ணிக் கொடுத்ததும் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எந்த மறுமொழியும் அந்தந்த நேரத்துக்கு வருவதில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மெற்றோ எடுத்துக் கண்காட்சிக்குப் போனோம். வெள்ளைச் சுவர், உயர்ந்த கூரை, ஒவ்வொரு சாமானுக்கும் மேலே தனித்தனி வெளிச்சம். பழைய மீன் வலைகளை உருக்கிச் செய்த நீலக் கதிரை ஒன்று. குடை மாதிரி மடிந்து ஒரு தடியாகிவிடுகிற மேசை ஒன்று. கை நடுங்குகிறவர்களின் கேத்தில், ஊஞ்சல் மாதிரி ஒரு கம்பியில் தொங்கியது. தூக்கத் தேவையில்லை, சரித்தால் போதும். உருளைக்கிழங்கு மாவு விளக்கு உண்மையிலேயே வடிவு. உள்ளே மஞ்சள் வெளிச்சத்தோடு, அப்பளம் பொரிய முதல் இருக்கிற மாதிரி இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சந்தோசப்பட்டிருப்பாள். எனக்கு மனம் வரவில்லை.

அவளுடைய கதிரை கடைசி மூலையில் இருந்தது. அகலமாக, நிலத்தோடு பதிவாக, முதுகுப் பக்கம் இரண்டு கையாலும் ஆளை ஏந்துகிற மாதிரி வளைந்திருந்தது. இது முதல் முயற்சிதான், இன்னும் சரிவரவில்லை என்றாள். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அதுதான் வயிற்றை எரித்தது. ஒரு பெண் தன் மண்டைக்குள் நினைத்த ஒன்றை இப்படிக் கொண்டுவந்து வெளிச்சத்துக்குக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று அவளை யாரும் கேட்கப்போவதில்லை.

"அத்தான், ஏறி இருங்கோ. இவைக்கு எப்பிடி இருக்கிறதெண்டு தெரியாது, காட்டுங்கோ."

இவர் பனிச் சப்பாத்தைக் கழற்றினார். வைக்க இடம் தேடினார். அந்தச் சுத்தமான நிலத்தில் வைக்க வெட்கப்பட்டு என் கையில் தந்தார். பிறகு ஏறிச் சப்பாணி கட்டிக்கொண்டு ராசா மாதிரி இருந்தார். இரண்டு முழங்காலும் கதிரைக்குள் அடங்கின. சுற்றி நின்ற வெள்ளைக்காரர் கைதட்டினார்கள். சிலர் படம் எடுத்தார்கள். மகளும் எடுத்தாள். நான் ரோட்டு உப்புப் பூத்த சப்பாத்து இரண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பனி உருகி என் கோட்டில் வடிந்தது.

ஒரு வயதான வெள்ளைக்காரி என் பக்கம் வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லித் தலையை ஆட்டினேன். மெற்றோவில் வரும்போது மகள் சொன்னாள்: "அம்மா, அந்த மனிசி நீங்களும் இருந்து பாக்கேல்லையோ எண்டு கேட்டவ. உங்கட கையில இருந்த சப்பாத்தைத் தான் வைச்சிருக்கிறன் எண்டவ."

"ஏன் அப்ப எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே மெர்சி எண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டீங்கள்."

அதுவரைக்கும் அந்தக் கிழமையில் என்னை இருக்கச் சொன்ன ஒரே ஆள் அந்த மனிசிதான்.

சனிக்கிழமை இவர் வேலையிடத்திலிருந்து ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி அடைத்து வந்த வெறும் மட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். மச்சாள் கேட்டிருந்தாளாம். புதுக் கதிரை ஒன்றை நினைத்தால் முதலில் மட்டையில் உண்மையான அளவுக்கே செய்து, இருந்து பார்த்துத்தான் பிறகு மரத்தில் செய்வார்களாம். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு ஹோல் முழுக்க மட்டையை விரித்தார்கள். அவள் கத்தியால் கீறினாள், இவர் பிடித்தார், மகள் பிசின் பூசினாள். மட்டையை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செருகி நிற்க வைத்தார்கள். நான் வடைக்கு அரைத்தேன்.

"அத்தான், இஞ்ச பிடியுங்கோ. இறுக்கி. இறுக்கி எண்டு சொன்னனான்!"

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன். நீர் கெதியா வெட்டும்."

"கதைச்சா ஆடுது. வாயை மூடுங்கோ."

வாயை மூடச் சொன்னதற்கு இவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எண்ணெய் காய்ந்து புகைந்துவிட்டது. முதல் ஈடு வடை கறுத்துப் போனது. அதையும் மூன்று பேரும் நல்லாய் இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிட்டார்கள்.

மத்தியானம் கடந்து கதிரை நின்றது. இவர் ஏறி இருந்தார், முறியவில்லை. மகள் இருந்தாள். அண்ணையைக் கீழேயிருந்து கூப்பிட்டு இருத்தினார்கள். பிறகு பிசின் முடிந்துவிட்டது என்று மூன்று பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு டொலர் கடைக்குப் போனார்கள். "அம்மா, நீங்களும் வாறீங்களோ?" என்று மகள் கேட்டபோது பாதி கதவுக்கு வெளியே நின்றாள்.

வீடு அமைதியானது. அடுப்பை நிப்பாட்டிவிட்டு ஹோலுக்கு வந்தேன். கதிரை நடுவில் நின்றது. பக்கத்து மட்டையில் குளிர்சாதனப் பெட்டியின் அம்புக்குறி தலைகீழாகத் தெரிந்தது. சுற்றி ஒருமுறை நடந்தேன். இன்னொருமுறை நடந்தேன். ஏப்ரனைக் கழற்றினேன். எண்ணெய்க் கறை பட்டுவிடும் என்று சீலைத் துண்டு ஒன்றை விரித்துவிட்டு மெதுவாக ஏறினேன்.

கால் இரண்டையும் மடித்தேன். முதுகைச் சாய்த்தேன். மட்டை முனகியது, ஆனால் தாங்கியது. அப்படி நான் இருந்து எவ்வளவு காலம் என்று தெரியவில்லை. முழங்கால்கள் விரிந்து, இடுப்பு இளகி, தோள் கீழே இறங்கியது. யன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று சேற்றுப் பனியை அடித்துக்கொண்டு போனது. எழும்பவே மனம் வரவில்லை. எழும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கால் நிலத்துக்கு எட்டவில்லை. ஏறுவதற்கு எப்படியோ ஏறிவிட்டேன். இறங்குவதென்றால் குதிக்க வேண்டும். இது இவருடைய அளவில் செய்த கதிரை.

கதவு திறந்தது. மச்சாள் போனை மறந்துவிட்டுப் போயிருந்தாள். மூன்று பேரும் வாசலில் நின்றார்கள்.

நான் இறங்கினேன் என்பதை விட விழுந்தேன் என்று சொல்லலாம். சீலைத் துண்டு என்னோடு கீழே வந்தது. அதை எடுத்துக் கதிரையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அக்கா, ஏன் எழும்பினனீங்கள்? இருங்கோ, இருங்கோ!"

"இல்லை, தூசு தட்டினனான்" என்றேன்.

"அவவுக்கு உதுகளில விருப்பமில்லை, மச்சாள்" என்றார் இவர் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையென்று நினைத்துத்தான் சொன்னார். "அவ உப்பிடி இருக்கவே மாட்டா."

மச்சாள் போனை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போகக் காலை எடுத்தாள். அவள் மறுநாள் போகிறவள். அந்த மஞ்சள் நாடா மேசையில் சுருண்டு கிடந்தது.

"என்னையும் அளவெடுங்கோ" என்றேன்.

என் குரல் எனக்கே பெலத்துக் கேட்டது. மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். இவர் ஒரு சப்பாத்தைக் கழற்றியபடி ஒற்றைக் காலில் நின்றார்.

மச்சாள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில் முழங்காலில் இருந்தாள். "ஏறுங்கோ அக்கா." நான் ஏறுவதற்குக் கஷ்டப்படுவதை அவள் கண்டாள். என் காலைப் பார்த்தாள், கதிரையின் விளிம்பைப் பார்த்தாள். பிறகு, "அத்தான், இந்த நுனியைப் பிடியுங்கோ. அக்கான்ர குதிக்காலில" என்றாள்.

இவர் ஒற்றைச் சப்பாத்தோடு வந்து குனிந்து என் குதிக்காலில் நாடாவைப் பிடித்தார். அவள் மற்ற நுனியை என் முழங்காலுக்கு இழுத்தாள். இவருடைய உச்சந்தலையில் மயிர் எவ்வளவு கொட்டிவிட்டது என்று மேலேயிருந்து பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

"உயரத்தைக் கூட வைச்சிட்டன்" என்றாள் அவள். "மடிச்சு இருக்கிறதைத்தான் யோசிச்சனான். ஏறி இறங்கிறதை யோசிக்கேல்லை."

"அப்ப ரெண்டு அளவில செய்யும்" என்றார் இவர்.

"ஏலாது அத்தான். எல்லாம் ஒரே அச்சில வைச்சு வளைக்கிறது. ஒரு அளவுதான் வைக்கலாம்."

நான் யன்னல் பக்கம் பார்த்தேன். ஆனால் இவருடைய அளவுதான் இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் என்னை நல்ல மனிசி என்றிருப்பார்கள். வாய்க்குள் வந்த அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினேன்.

மச்சாள் கத்தியை எடுத்தாள். கதிரையைச் சரித்துப் படுக்கப்போட்டு, கால் மட்டைகளை ஒரு சாண் அளவுக்குச் சுற்றிவர வெட்டினாள். நிமிர்த்தினாள். நான் இருந்தேன். கால் நிலத்தில் முழுதாகப் பதிந்தது. பிறகு இவர் இருந்து பார்த்தார். காலைக் கீழே விட்டால் முழங்கால் நாடிக்குக் கிட்ட வந்து நின்றது. எழும்புவதற்கு மகளின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இது எனக்குச் சரிவராது" என்றார்.

"பழகும்" என்றேன் நான். அந்த நேரத்துக்கு எனக்கு மறுமொழி வந்தது அன்றைக்குத்தான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அளந்ததோடு பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இரவுச் சாப்பாட்டுக்கு நான் அந்த மட்டைக் கதிரையில் காலை மடித்து இருந்தேன், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு. எழும்பவில்லை. இவர் என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு தானே குசினிக்குப் போய்ச் சோற்றுச் சட்டியையும் கறியையும் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு அகப்பை போட்டார். அதற்கு முதல் மச்சாளுக்கு இரண்டு அகப்பை போட்டிருந்தார். குழம்பில் கிடந்த பெரிய துண்டு மீனும் அவளுடைய கோப்பைக்குத்தான் போனது. எல்லாவற்றையும் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. இவர் அவளை எயர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தார். அளவுகளை மட்டும் அவள் கொண்டுபோனாள், என்னுடையதையும் சேர்த்து. மகள் மட்டைக் கதிரையைப் பிரித்துக் கட்டி, றீசைக்கிளிங் எடுக்கிற நாளுக்காகப் படிக்குக் கீழே வைத்தாள். நான் பழையபடி நின்றுகொண்டு உடுப்புத் தோய்த்தேன்.